பிள்ளைகள் தின்ற கணக்கு

புரோகிராம் எழுதுகிறவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டம்தான்.

லுக்குட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் எனக்கு வேலை. அங்கே பெரிய புரோகிராம் ஒன்று சின்னப் புரோகிராம்களை ஏவி விடும். ஏவப்பட்டவற்றை நாங்கள் பிள்ளைகள் என்போம். ஒவ்வொரு பிள்ளையும் கம்ப்யூட்டரை எவ்வளவு நேரம் உழைக்க வைத்தது, அதாவது எவ்வளவு தின்றது என்று, வேலை முடிந்ததும் கேட்டுச் சொல்வது என் பாடு. இதே பாடு படுகிறவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சைபர்

முதல் நாள் எல்லாப் பிள்ளைக்கும் சைபர். முடிந்த பிள்ளையைப் பெரிய புரோகிராம் வந்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதன் கணக்கு கிடைக்கும். நான் பறந்தடித்து முன்னாலேயே கேட்டிருக்கிறேன். பின்னால் நின்ற மேனேஜர் சொன்னார்: "சாப்பிடாம வேலை செய்யுதா? அப்படி நாலு பேர எனக்குப் புடிச்சுக் கொடுலா!"

கடைசிப் பிள்ளை

அதைச் சரி செய்தேன். அடுத்த வம்பு வந்தது. கம்ப்யூட்டர் தினமும் திணறியது. என் கணக்கில், வேலைக்கு வந்தவர்களைப் பதியும் ஆள்வரவுப் பிள்ளைதான் அதிகம் தின்றதாக வந்தது. அதை எழுதியவள் லோபாக்கிலிருந்து வரும் ஸ்டெல்லா. அவள் கான்ட்ராக்ட் அந்த வாரம்தான் முடிகிறது. "இத தூக்கிப் போட்டுட்டு, அவளையும் அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், காப்பியை ஆறவிட்டேன். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர்கள் வந்தவர் பெயரை அனுப்புவது எப்போதும் கடைசியில், அதனால் ஆள்வரவும் கடைசியில்தான் ஓடும். அலாமாக்! நான் கேட்டு வாங்கியது அதுவரை முடிந்த எல்லாப் பிள்ளைகளின் மொத்தம். முதல் லாரி இறங்குமுன் அடுத்ததை எடைமேடையில் ஏற்றிய கதை. ஸ்டெல்லாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "ஏண்ணே, எல்லாரும் தின்ன எச்சிலைய நான் ஒருத்தியா எடுக்கணும்?"

செல்லம்

இந்த முறை ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்கும்போதே அதனதன் கணக்கைத் தனியாக வாங்கினேன். ஆள்வரவு தின்றது ஒரு வாய்தான். மீதியெல்லாம் விழுங்கியது, மேலிடத்துக்கு அனுப்ப மேனேஜர் ஆசையாய்ச் செய்யச் சொன்ன கலர் படப் பிள்ளை. மகசூலை ஆடி ஆடிக் காட்டும். அவர் முன்னால் போய் நின்று சொன்னேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவருகே நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். "சரி, அந்தப் பொண்ணு இருக்கட்டும். படத்துக்கு வேற கம்ப்யூட்டர் கேட்டு எழுது."

ஆக, பிள்ளைகள் தின்ற கணக்கை எடுப்பதற்குமுன், அதில் மேனேஜரின் செல்லப் பிள்ளை எது என்று விசாரித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.