குங்குமத்தில் கறுப்பு

வடநாட்டில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், கோல் மார்க்கெட்டை அடுத்த அச்சகம் ஒன்றில், என் மகளின் திருமணப் பத்திரிகைக்கான மாதிரித் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்தேன். குங்குமச் சிவப்பின் நடுவே கறுப்புப் புள்ளிகள் மணலைப் போல் இறைந்து கிடந்தன.

என் மனைவி விதித்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மங்கலப் பத்திரிகையில் கறுப்பு கூடாது. அது இழவு வீட்டுக் காரியப் பத்திரிகைக்கு உரிய மை. எழுத்துகளைக்கூடச் சிவப்பிலேயே அமைக்கச் சொல்லியிருந்தோம். கணினித் திரையில் நாங்கள் கண்டு ஒப்புக்கொண்டது மாசற்ற சிவப்பு. தாளில் அது மங்கியிருக்கிறதே என்று நான் வினவியதனால்தான் அச்சக உரிமையாளர் அந்தக் கண்ணாடியை நீட்டினார்.

திரை ஒளியால் நிறம் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் அதற்குப் போதும். அச்சு இயந்திரத்திலோ வெளிர்நீலம், மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள். அடர்ந்த நிறத்துக்கு ஆழம் தருவது கறுப்புதான் என்று அவர் இந்தியில் விளக்கினார். கல்யாணப் பத்திரிகையில் கறுப்பா என்று நான் மீண்டும் மீண்டும் கேட்கவே, என் தலைமுடியைப் பார்த்துச் சிரித்தார்.

"அரே சாப், நீங்க அங்க பூசுறது என்ன கலர்னு நான் கேட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதிரித் தாளுடன் கண்ணாடியையும் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி பார்த்தாள், முகம் வெளிறிப்போயிற்று. அச்சில் கறுப்பைத் தவிர்க்க முடியாதாம் என்றேன். அவள் அதை நம்பாமல், பூசை அலமாரியில் ஒட்டியிருந்த அம்மன் படத்தின் நெற்றியில் கண்ணாடியை வைத்தாள். நாட்காட்டியிலிருந்து வெட்டியெடுத்த படம்; நாங்கள் நாள்தோறும் தொழுவது. அந்தக் குங்குமத்திலும் கறுப்புப் புள்ளிகள்.



"அம்மனுக்கே இருக்கு, பாரு," என்றேன், பேச்சு முடிந்தது என்று எண்ணி.

"அவ தெய்வம், தாங்கிக்குவா. எம் பொண்ணுக்கு வேண்டாம். பிரஸ்கார பையாகிட்ட ஜல்தி மாத்தித் தரச் சொல்லுங்க."

உரிமையாளர் முணுமுணுத்தபடியே கறுப்பை அறவே நீக்கி, நீலத்தைச் சற்றுக் கூட்டி, வேறொரு தாள் எடுத்துத் தந்தார். மனைவி அதை மூலை மூலையாகக் கண்ணாடி வைத்துத் தேடினாள். கறுப்பு இல்லை. அதன் பிறகே மஞ்சளைக் குழைத்து நான்கு மூலைகளிலும் தடவி அம்மன்முன் வைத்தாள்.

விளக்கேற்றி, கண்மூடிக் கைகூப்பினாள். நான்தான் அம்மனின் அந்த நெற்றியை நிமிர்ந்து நோக்க மாட்டாமல் நின்றேன்.