பதினேழாம் நம்பர் வெல்டரும் சின்னப்பொண்ணுவின் ஜீப்பும்

குப்புராஜ் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் கேட்டைத்தான் தொட்டுப் பார்ப்பான். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் கட்டைவிரலை ஓட்டுவான். சில சமயம் உதட்டைப் பிதுக்குவான். அதன்பிறகுதான் வீட்டுக்காரர்களை நலம் விசாரிப்பான். ஆரம்பாக்கத்தில் தெரிந்தவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். தெரியாதவர்கள், பூட்டை நோட்டம் பார்க்க வந்தவனோ என்று சந்தேகப்படுவார்கள்.

கும்மிடிப்பூண்டியில் பாய்லர் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் வெல்டர். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. வெல்டிங் முடிந்ததும் பக்கத்திலேயே அந்த நம்பரை இரும்பு அச்சால் அடித்துவிட வேண்டும். பிறகு சோதனை செய்வார்கள். தப்பு தெரிந்தால் நம்பரைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். குப்புராஜின் நம்பர் பதினேழு. பதினோரு வருடத்தில் பதினேழாம் நம்பரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

வீட்டில் ஜீப் ஓட்டுவது அவனல்ல, அவன் மனைவி சின்னப்பொண்ணு. பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப்பில், காலையும் மாலையும் பால் சங்கத்துக் கேன்களை ஏற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் வயல் பாதையில் போய், மெயின் ரோட்டில் நிற்கும் பால் லாரியில் சேர்ப்பாள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் 2006 மழைக்கு முன்னால் குப்புராஜ் ஜீப்பை உயர்த்தினான். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, பெரிய டயர் போட்டு, ஐந்து அங்குலம் தூக்கிவிட்டான். ஏறும்போது சின்னப்பொண்ணு புடவையைத் தூக்கி இடுப்பில் செருக வேண்டியிருந்தது.

தண்ணீரில் ஜீப் நன்றாகத்தான் போனது. மேடு பள்ளத்தில்தான் தகராறு. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால் வண்டி சட்டென்று ஒரு பக்கம் இழுத்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை வயலில் இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை இறங்கியது பால் சங்கத் தலைவர் அரசப்பனின் வயலில். நாற்று நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன்" என்றார் அரசப்பன். "ஸ்டீயரிங்க ஒரு ஆம்பள கையில குடுப்பா, குப்பு."

குப்புராஜ் தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் சின்னப்பொண்ணு சோறு போடாமல் நின்றாள்.

"நான் திருப்பல மாமா. அதுவா திரும்புது."

"ஸ்டீயரிங் அதுவா திரும்புமா? பேயா ஓட்டுது? நீ இறுக்கிப் புடிக்கல, அவ்ளோதான்."

"இறுக்கிப் புடிச்சி ரெண்டு தோளும் வுட்டுப் போச்சு."

ஒரு மாதம் இதே பேச்சுதான். அவன் நட்டுகளை முறுக்குவான், கிரீஸ் அடிப்பான், இறுக்கிப் பிடி என்பான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஜீப்பில் உட்காரவைத்தாள்.

"ஸ்டீயரிங்க லேசா புடி. இஞ்சின் போடாத."

முன் பம்பரில் ஏறி நின்று, பானெட்டைப் பிடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்தாள். சின்னப்பொண்ணு நல்ல கனமான பெண். வண்டியின் மூக்கு இறங்கி ஏறியது. நிற்கிற வண்டியில், குப்புராஜின் கைக்குள் ஸ்டீயரிங் இடதும் வலதுமாகத் திரும்பியது. எதிர்வீட்டு லட்சுமியம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னாடி இது, காலங்காத்தால குதிச்சிக்கினு?"

"பேய் ஓட்டுறேங்க்கா" என்றாள் சின்னப்பொண்ணு. குதிப்பதை நிறுத்தவில்லை.

குப்புராஜ் இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தான். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஒரு குட்டைக் கை கீழே தொங்கும். டிராப் ஆர்ம் என்பார்கள். அதிலிருந்து ஒரு நீளமான ராடு சக்கரத்துக்குப் போகும். முன்பு அந்த ராடு ஏறக்குறைய மட்டமாகப் படுத்திருந்தது. இப்போது வண்டி மட்டும் மேலே போய்விட, ராடு ஏணி சாத்தியதுபோலச் சரிந்து நின்றது. சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் சரிந்த ராடு தள்ளும், வண்டி திரும்பும். யார் கையில் ஸ்டீயரிங் இருந்தாலும் அப்படித்தான்.

"இன்னா?" என்று குனிந்து கேட்டாள்.

"ராடுல கோளாறு" என்றான்.

ஜீப்பைத் தூக்கிய தன் வேலையில் கோளாறு என்று சொல்லவில்லை. அரசப்பனிடமும் போய் எதுவும் சொல்லவில்லை. சரிசெய்து காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தான்.

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. டிராப் ஆர்மை நீட்டி ராடின் மேல்முனையைக் கீழே இறக்கினால் ராடு மறுபடி மட்டமாகிவிடும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பொழுது இருக்கும்போதே, ஆர்மைக் கழற்றி நடுவில் அறுத்து, ஒரு இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்தான். வெல்டிங் ராடு பாக்கெட் அடுக்களைப் பரணில் புளிப்பானைக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிறு காலை, கம்பெனியில் மீந்த சோதனை டின்களை எடுத்தான். சிவப்பு மருந்தைத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு கசிந்து வெளியே வரும். எதுவும் வரவில்லை. அச்சை எடுத்து ஆர்மில் 'டங்'கென்று 17 அடித்தான்.

"கற்பூரம் ஏத்தவா?" என்றாள் சின்னப்பொண்ணு.

திங்கள் காலை ட்ரிப் முடித்து வந்தவள், அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொடுத்துக்கொண்டே, "தொட்டில் மாதிரி போவுது மாமா" என்றாள். அவன் பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டான்.

மதியம் மூன்று மணி இருக்கும். கம்பெனியில் ஒரு தொட்டிக்கு வெல்டிங் தொடங்க, சூட்டுப் பெட்டியிலிருந்து வெல்டிங் ராடு எடுத்தான். கையுறையில் ஓட்டை. விரல் சுட்டது. தினமும் சுடுவதுதான். ஆனால் அன்றைக்குச் சுட்டதும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

சனிக்கிழமை பரணிலிருந்து எடுத்த ராடு சில்லென்று இருந்தது.

ஒரு மாத மழை ஈரத்தை உறிஞ்சிய ராடு. ஈர ராடில் கெட்டி இரும்பைப் பற்றவைத்தால் விரிசல் உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளேயிருந்து கிளம்பும். அதனால்தான் கம்பெனியில் இந்த மாதிரி வேலையை நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துச் சோதிப்பார்கள். இங்கே பெட்டியில் சூடாக வந்து நிற்கும் ராடை எடுத்தே பழகியவனுக்கு, வீட்டில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. சோதனையும் மறுநாளே முடிந்துவிட்டது.

சூப்பர்வைசர் யேசுதாஸிடம் ஓடினான். "சார், நான் ஊட்டுக்குப் போவணும்."

"ஷிப்ட் முடியலியேப்பா. யாருக்கு இன்னா?"

"ஊட்ல ஒரு வெல்டு போட்டேன் சார். சூடு காட்டாத பச்ச ராடு. அந்த வண்டிய எம் பொண்டாட்டி ஓட்டுது."

யேசுதாஸ் பேனாவை எடுத்தார். கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு, சோதனை டின்களையும் பையில் போட்டுக் கொடுத்தார். சங்கத்துக்குப் போன் செய்து பார்த்தார்கள். மழைக்கு லைன் செத்துக் கிடந்தது.

பஸ் பிடித்து ஆரம்பாக்கத்தில் இறங்கி, காலையில் ஸ்டாண்டில் விட்டுப்போன தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் பாதையில் மிதித்தான். தூறல் நின்றிருந்தது. பெரிய மதகு தெரிந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறையத் தண்ணீர். மதகுக்கு அந்தப் பக்கம் ஜீப் வந்துகொண்டிருந்தது, பின்னால் எட்டு கேன். மதகு மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் ஆர்மில் அடி விழும்.

சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டுக் கத்தினான். "நிறுத்து!"

அவன் வாய் மூடுவதற்குள் ஜீப் நின்றது.

"எறங்கு. ஓட்டாத. வெல்டு சந்தேகமா கீது."

ஏன், எப்படி என்று அவள் கேட்கவில்லை. இஞ்சினை அணைத்தாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இறங்கினாள். அவள் சொன்னதை நம்ப அவனுக்கு ஒரு மாதம் ஆனது. அவன் சொன்னதற்கு அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றில் முதுகு படப் படுக்கும்போது குப்புராஜுக்கு அதுதான் உறுத்தியது.

சட்டையைக் கழற்றி ஆர்மைத் துடைத்தான். சிவப்பு தடவினான். பத்து நிமிடம் காத்திருக்கும்போது மொபெட் சத்தம் கேட்டது. அரசப்பன்.

"லாரிக்காரன் கத்திக்கினு கீறான்! மறுபடியும் வயல்ல வுட்டுட்டியாம்மா? நான் அன்னிக்கே சொன்னேன்ல குப்பு, ஒரு ஆம்பள கையில..."

குப்புராஜ் சிவப்பைத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தான். பதினேழின் பக்கத்தில் வெள்ளைக்குள்ளிருந்து தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. ஆர்மின் பாதி அகலத்துக்கு ஓடியது.

"ஆம்பள கை பட்ட லட்சணம்தான் தலைவரே இது" என்றான் அடியிலிருந்தே. "குனிஞ்சி பாருங்க."

அரசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்தார். "இன்னாப்பா அது, பதினேழு?"

"என் நம்பர். விரிசலும் என்னுதுதான். ஒங்க வயல்ல வண்டி எறங்குனதும் நான் ஜீப்பத் தூக்குன கோளாறுதான். அவ ஒரு மாசமா சொன்னா. நான்தான் கேக்கல. மதகுல ஏறியிருந்தா..." வாய்க்கால் பக்கம் கை காட்டினான்.

அரசப்பன் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு கேன்களைப் பார்த்தாள்.

"பேச்ச அப்பறம் வெச்சிக்கலாம். பால் திரிஞ்சிடும். தலைவரே, ஒங்க டிராக்டர் களத்துலதான நிக்குது? சாவியக் குடுங்க, நான் ஓட்டிக்கினு போறேன்."

அரசப்பன் அவளைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் பேஜாரு பண்ணும்மா."

"எந்த வண்டிதான் பண்ணல" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பால் டிராக்டரில் போனது, அவள்தான் ஓட்டினாள். குப்புராஜ் லீவு போட்டு, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், வேறொரு வண்டியின் நீளமான டிராப் ஆர்மைத் தேடிப் பிடித்து வந்தான். அறுவையோ ஒட்டோ இல்லாத ஒரே துண்டு. ஞாயிறு காலை அதை மாட்டிவிட்டு, தானாகவே ஏறி ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டான்.

"குதி" என்றான்.

அவள் பம்பரில் ஏறிக் குதித்தாள். வண்டியின் மூக்கு இறங்கி ஏறியது. ஸ்டீயரிங் ஒரு விரல்கூட நகரவில்லை.

"இன்னொரு தபா குதி."

"போதும் மாமா. முட்டி வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை குதித்தாள்.