படிவத்தில் ஒரு டிக்

சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பிழைக்கிற அக்காவின் வீட்டு வாசலில், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வருஷாவருஷம் படிவமும் கையுமாக வந்து நிற்பார்கள். போன வருஷம் வந்தவர்கள் அவள் புருஷனுக்குப் பிரஷர் எக்கச்சக்கம் என்று எழுதிக்கொண்டு, "அடுத்த வாரம் மாத்திரையோட வர்றோம், அண்ணே" என்றார்கள். அந்த மனுஷனும் மூட்டை தூக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். போனவர்கள் போனதுதான், அவர்களுக்குப் பரீட்சை வந்துவிட்டது. மூன்றாம் மாதம் அவர் மூட்டையோடு சரிந்தார்; எழுந்திருக்கவேயில்லை.

இன்று ஒரு புது மாணவி படிவத்தை விரித்தாள். அக்கா ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"வீட்டுல எத்தனை பேர், அக்கா?"

"நான் ஒருத்திதான்."

"யாருக்காவது பிரஷர் இருக்கா?"

"இப்ப இல்ல."

மாணவி 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

"ரொம்ப நல்லதுக்கா."