பொதுக் கிணறும் ரீசெட் பொத்தானும்

கடத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில், பொதுக் கிணற்றுத் தண்ணீர் அடுத்து யாருக்கு என்பதை, பிளாக்செயினில் ஏற்றியபின் திருத்தவே முடியாத நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டில் பதியும் வெப் ஆப்பை எழுதியவன் நான். ஒருவர் முறை முடிந்தால் எண் தானாக அடுத்தவருக்கு நகரும். இதில் யாரும் கை வைக்க முடியாது என்று ஊர்க் கூட்டத்தில் நானே பேசினேன்.

இன்று காலை காலனியிலிருந்து முனியம்மா அக்கா போன் செய்தார்.

"தம்பி, இன்னிக்கி எங்க முறைதானுங்களே? மோட்டார் ரூமு பூட்டிக் கெடக்குதுங்க. தக்காளி நாத்து காயுது."

ஆப்பைத் திறந்தேன். எண் பூஜ்ஜியத்தில் நின்றது. முறை மறுபடியும் மேலத்தெருவிலிருந்து தொடங்கியிருந்தது.

கிணற்றுத் தண்ணீர்ச் சங்கத்தின் தலைவரை டீக்கடையில் பிடித்தேன்.

"ரீசெட் பட்டன் நீ வெச்சதுதானப்பா. அமுக்கிப் பாத்தேன், நல்லா வேலை செய்யுது."

"டெஸ்டிங்குக்குன்னு நீங்க கேட்டீங்க, அதான் வெச்சனுங்க."

"இதுவும் டெஸ்டிங்தான். காலனி முறை வர்றப்பெல்லாம் டெஸ்ட் பண்ணோணும்ல?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பொத்தான் தலைவரின் கணக்கிலிருந்து மட்டுமே இயங்கும். ஏற்றிவிட்ட கான்ட்ராக்டை இனி என்னாலும் திருத்த முடியாது.

முனியம்மா அக்காவின் முறையை எந்தக் கணக்கு, எந்த நொடியில் அழித்தது என்பது மட்டும் உலகமே பார்க்கும்படி நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவிலிருந்து நாற்றுக்குத் தண்ணீர் இறைக்கத் தெரிந்தவர்கள் கமெண்டுக்கு வாருங்கள்.