ஓடைத் தண்ணீர் ஆகாத லொறி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டீசல் லொறிக்கு இருந்த மரியாதையில் கால்பங்கு எங்களுக்கு இருந்திருந்தால் இதையெல்லாம் சொல்ல வேண்டியே வந்திருக்காது. பொகவந்தலாவைக்கு மேலே, பனி கொட்டும் உச்சியில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயம். லொறியின் டிரைவர் என் அப்பா. அந்தப் பெருமையில் நான் பாவாடையைச் சிலுப்பிக்கொண்டு நடந்த காலம் அது.

குளிர் மாதங்களில் ராத்திரி ரேடியேட்டரில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். ஆகவே சாயங்காலம் அதைத் திறந்துவிட்டு, விடிந்ததும் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதில்தான் வில்லங்கம். ஓடைத் தண்ணீரில் சேறு இருக்கிறது, ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும், பீலித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை உத்தரவு போட்டார். மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக விழும் அந்தப் பீலி ஒன்றுதான் எங்கள் லயத்துக்கே நல்ல தண்ணீர். மழை இல்லாவிட்டால் அதுவும் நூலாகத்தான் ஒழுகும். லொறிக்குப் பிடித்து முடிப்பதற்குள் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்துவிடும். பெண்கள் வேலைக்கு ஓடுவார்கள். எனவே நாங்கள் ஓடைத் தண்ணீரைக் குடித்தோம். மேல் லயத்துக்காரர்கள் குளித்து, துவைத்து, மாட்டையும் கழுவிய பிறகு எங்களிடம் வந்து சேரும் தண்ணீர்.

கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவர்களின் குழந்தையை அதே நோய்தான் கொண்டுபோயிருந்தது. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

ஒரு விடியற்காலை அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அம்மா குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். அப்பாவின் காக்கிக் கோட்டைப் போட்டிருந்தாள். கோட்டின் கை அவள் விரல்களைத் தாண்டித் தொங்கியது. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அப்பா மெல்லிய சட்டையில், லொறிக்குத் தண்ணீர் பிடிக்கும் தகரத்தோடு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கணக்கப்பிள்ளை வந்தார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது, அட்டன் ஸ்டேசனில் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

"டிரைவர், ஒம் பொஞ்சாதியத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுத் தண்ணியப் புடி."

"அவங்கதாங்க முன்னாடி வந்தாங்க. புடிக்கட்டும்" என்று சொல்லி, அப்பா தகரத்தோடு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

கணக்கப்பிள்ளை கத்தினார். துரையின் பெயரைச் சொல்லி மிரட்டினார். குடம் அதன்பாட்டுக்கு நிறைந்தது. அம்மா அடுத்தவளுடைய குடத்தை வைத்தாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது.

"சரி, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓடைத் தண்ணிய ஊத்தி எடுப்பா. ஒண்ணும் ஆயிடாது."

"அது லொறிக்கு ஆகாதுன்னு தொரதானுங்களே சொன்னாங்க" என்றார் அப்பா.

அம்மா அப்போதுதான் திரும்பினாள். "லொறிக்கு ஆகாததத்தாங்க எம்புள்ள குடிக்குது."

எல்லாக் குடமும் நிறைந்த பிறகுதான் லொறியின் முறை வந்தது. ரயில் போய்விட்டிருந்தது.

மறுவாரமே துரையின் பங்களாத் தொட்டியிலிருந்து லொறிக்குக் குழாய் இழுத்தார்கள். அவ்வளவு நாளும் அந்தத் தொட்டி துரைசாணியின் ரோஜாச் செடிகளுக்காக நிறைந்துதான் இருந்திருக்கிறது. பீலி எங்களுக்கே திரும்பியது. தம்பி பிழைத்துக்கொண்டான். அப்பாவிடமிருந்து சாவியையும் கோட்டையும் வாங்கிக்கொண்டு, கையில் இரும்பு முள்ளுக் கரண்டியைக் கொடுத்து மண் கொத்த அனுப்பினார்கள்.

பெண்டாட்டிக்குப் பயந்த டிரைவர் என்று கணக்கப்பிள்ளை தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பள்ளிக்கூடத்திலும் அதே கேலி. எனக்கு ஆத்திரமெல்லாம் அம்மாமேல்தான். "ஒன்னாலதான் அப்பாவுக்கு லொறி போச்சு" என்று அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். அப்பா, கொப்புளம் கண்ட உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்தபடி, அவளைப் பார்த்துச் சிரித்தார். மானங்கெட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அம்மா அந்தப் பனியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர்தான் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டிருக்க முடியும். எனக்கு அது எட்டவில்லை. அந்தக் கோட்டையும் அவள் அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.