திரும்பி வராத பஃபர்கள்

வேகமான நெட்வேர்க்குக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: நம் தொழிலில் பிழை விட ஒரு வினாடி போதும், அதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமையும் போதாது. நான் புத்தளம் பக்கம் கண்டக்குழியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். சிலாபத்தில் ஒரு சின்ன இன்டர்நெட் கொம்பனியில், வந்துபோகிற தரவுத் துண்டுகளை, அதாவது எல்லாப் பெக்கட்டுகளையும், கடத்திவிடுவது என் புரோகிராம்தான்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா

பெக்கட் வந்ததும் அதை வைக்க மெமரியில் ஓர் இடம் எடுப்போம், அதுதான் பஃபர். பெக்கட் போனதும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் தீர்ந்துவிடும். சிலாபத்தில் என் புரோகிராமைத் தொடக்கி மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் நின்றுபோகும். நிறுத்தித் தொடக்கினால் திரும்ப ஓடும். என்னோடு வேலை செய்கிற சுகந்தி அக்கா, வன்னியிலிருந்து வந்து புத்தளத்தில் குடியேறியவர், "பஃபரைக் கூட்டிப் பார்ப்பமோ?" என்றார். "ரெண்டு மடங்கு கூட்டினா ஆறு மணித்தியாலத்தில நிக்கும், அவ்வளவுதான் அக்கா" என்றேன்.

எடுத்தது எத்தனை, திருப்பினது எத்தனை என்று பெக்கட் போகிற ஒவ்வொரு வழியிலும் எண்ணவைத்தேன். பழுதான பெக்கட்டைத் தள்ளிவிடுகிற இடத்தில் பஃபரைத் திருப்பாமலே விட்டிருந்தேன். ஒரே ஒரு வரி. கொம்பனி மனேஜர் நிஸ்தார் நானாவிடம் மறைக்காமல் சொன்னேன். "ஒரு வரி எழுத மறந்ததுக்கா தங்கச்சி, சிலாபம் முழுக்க எனக்கு ஏசினது?" என்றார்.

போன் கோலுக்குள் இன்னொரு குரல்

திருத்தி அனுப்பி இரண்டாம் நாள், அந்தக் கொம்பனியின் இணைப்பில் இருந்த ஒரு லொட்ஜ்காரர் என்னையே போனில் கூப்பிட்டுவிட்டார். இன்டர்நெட் வழியாக ஓடுகிற அவருடைய ஒபிஸ் போனில் வேறு யாரோ பேசுவது கேட்கிறதாம். அடுத்தவர் பேச்சு வெளியே போவது சின்ன விசயமா? உடனே என் புரோகிராமை நிறுத்தி, அதற்கு முன் இருந்த பழைய ரவுட்டரை மாட்டச் சொல்லிவிட்டுப் பிழையைத் தேட உட்கார்ந்தேன்.

பயத்தில் நான் அந்த ஒரு வரியை இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். ஒரே பஃபர் இரண்டு முறை திரும்பியதால், புரோகிராம் அதை இரண்டு பெக்கட்டுக்கு ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டது. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு. லொட்ஜ்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது: "வெள்ளக்காரன் ரூம் கேக்குறான், நடுவில ஒருத்தன் 'பாரை மீன் முடிஞ்சி'ங்கிறான். நான் யாருக்குப் பதில் செல்ல?"

அசர் வரைக்கும்

இந்த முறை மிகையான வரியை எடுத்துவிட்டு, பஸ் ஏறி சிலாபத்துக்கே போனேன். நிஸ்தார் நானா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நல்ல பெக்கட், உடைந்த பெக்கட், அளவு மீறிய பெக்கட் எல்லாவற்றையும் முழு வேகத்தில் காலையிலிருந்து அனுப்பினேன். ஒரே பஃபர் இரண்டு முறை திரும்பினால் புரோகிராம் உடனே நிற்கும்படியும் எழுதியிருந்தேன். எதுவும் நிற்கவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அனுப்புவதை நிறுத்தினேன். திரும்பாமல் வெளியே இருந்த பஃபர்: பூச்சியம். எல்லாம் வீடு திரும்பியிருந்தன.

நானா மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கிழித்தார். "ஒங்கள வேணாண்டு காலையிலயே டைப் பண்ணி வெச்சிருந்தன், தங்கச்சி. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."

வினாடிக்கு லட்சக்கணக்கான பெக்கட்டைக் கையாளுகிறவள் என்று ஊரில் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் என் உத்தியோகம், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, அதுவும் ஒரேயொரு முறை.