மோதிரம் தெரிந்தது, மாமன் தெரியவில்லை

1. போன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சகுந்தலா அம்மா போன் செய்தார். மூன்று மாதம் முன்பு அத்திபெலேயில் நடந்த அவருடைய மூத்த மகள் ரம்யாவின் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது நான்தான். முந்தின நாள்தான் அதை எடிட் செய்து கொடுத்திருந்தேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்ற நினைப்பில், விவேக் நகர் ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். நாலு பேர் கேட்கட்டுமே என்ற ஆசைதான்.

“ஸ்டெல்லா மேடம், எங்கண்ணன் மூஞ்சி எங்க?” என்று கேட்டு அழுதார். நாலு பேரும் கேட்டார்கள்.

அவருடைய அண்ணன் கோதண்டம் அத்திபெலேயில் டயர் கடை வைத்திருப்பவர். ஒரு வீட்டுமனை சைட் தகராறில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாய்மாமன் இல்லாமல் பெண்ணின் நெற்றியில் யார் பட்டம் கட்டுவது என்று பெரியவர்கள் நடையாய் நடந்து அவரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவரும் வந்து கட்டினார்.

வீடியோவை அண்ணன் உட்பட உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பெரிய டிவியில் பார்த்திருக்கிறார்கள். பட்டம் கட்டும் இடத்தில் ரம்யாவின் நெற்றி பளிச்சென்று இருந்தது. மாமனின் விரல் தெரிந்தது. விரலில் மோதிரம் ஜொலித்தது. மோதிரத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் பின்னால் வெறும் புகையாக நின்றார். என் மூஞ்சியை அழிக்கச் சொல்லிட்டீங்க இல்ல என்று தங்கையிடம் கேட்டுவிட்டுப் பாதியிலேயே எழுந்து போனாராம். ஞாயிற்றுக்கிழமை சின்ன மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு வரமாட்டேன் என்று ஆள் விட்டும் சொல்லிவிட்டார்.

2. லென்ஸ் வந்த கதை

கம்மி விலையில் எந்த லென்ஸ் நல்லது அக்கா என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் தம்பி தங்கைகளே, அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. தொழிலில் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தும் ஒரு மாதம் யூடியூபில் ரிவ்யூ பார்த்தேன். ரிவ்யூ செய்தவர்கள் பூந்தொட்டியை எடுத்துக் காட்டினார்கள், காபி கப்பை எடுத்துக் காட்டினார்கள், பூனையை எடுத்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவருக்காவது சொந்தபந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

நல்ல ஜூம் என் கைக்கு எட்டாது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்எம் பிரைம் லென்ஸ் வாங்கினேன். பிரைமில் ஜூம் கிடையாது, கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் நுழையும் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்துவிட்டால் மண்டபத்தின் அழுமூஞ்சி வெளிச்சத்திலும் படம் சினிமா போல வரும். ஃபோகஸில் இருப்பது மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மங்கிப்போகும். பேக்கிரவுண்ட் வெண்ணெயாகக் கரையும் மேடம் என்று கடைக்காரர் சொன்னார். கரையப்போவது யார் என்று நான் கேட்கவில்லை.

அதை மாட்டிக்கொண்டு மண்டபத்தில் நான் நடந்த நடை இருக்கிறதே, கல்யாணப் பெண்ணே அவ்வளவு மிடுக்காக நடக்கவில்லை. கேமராவோடு பெட்டியில் வந்த கிட் லென்ஸைப் பழைய கேமராவில் போட்டு, நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். பேக்கப்புக்கு. எடிட்டிங்கில் அந்தப் படத்தை ஒரு செகண்ட்கூடச் சேர்க்கவில்லை. டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் தெரிகிற அசிங்கத்தை யார் பார்ப்பார்கள்?

3. டயர் கடை

புதன்கிழமை கோதண்டம் அண்ணனின் கடைக்குப் போனேன். தங்கச்சி மேல் தப்பில்லை, இது ஒரு ஸ்டைல், பெரிய பெரிய டைரக்டர்கள் எல்லாம் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“உங்க கல்யாணத்துல உங்க மாமன இப்படி எடுத்திருந்தா சும்மா இருப்பீங்களா மேடம்?”

என் கல்யாண ஆல்பத்தில் என் மாமா ஃபிளாஷ் பட்டுக் கண் சிவந்து, வாயைத் திறந்தபடி, ஆனால் தெளிவாக நிற்கிறார். அவர் இறந்த பிறகு பெரிது பண்ணி மாட்டியிருப்பது அந்தப் போட்டோதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

வந்ததும் ஹார்ட் டிஸ்கில் அந்த கிட் லென்ஸ் படத்தைத் தேடி எடுத்தேன். பட்டம் கட்டும்போது கோதண்டம் அண்ணன் முழுசாக இருந்தார். அதோடு விடாமல் தாலி கட்டும் இடம்வரை ஓட்டினேன். கெட்டி மேளம். எல்லோரும் தாலியைப் பார்க்கிறார்கள். என் பிரைம் லென்ஸும் மூன்று முடிச்சில்தான் இருந்தது. பின்னால், தங்கையின் தலைமுடியில் சிக்கியிருந்த மஞ்சள் அரிசியை அண்ணன் ஒவ்வொன்றாக எடுக்கிறார். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்கிறார். பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்து அழுதுவிட்டேன். இதைத்தான் அசிங்கம் என்று தூக்கிப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் லேப்டாப்போடு போய் டயர் அடுக்கின் மேல் வைத்துக் காட்டினேன். அவர் மூன்று தரம் பார்த்தார். மூன்றாவது தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது எந்த கேமரா?”

“ஓரமா ஸ்டாண்ட்ல நின்னுச்சேண்ணா, அது.”

“பாருங்க, எல்லாரும் தெரியறாங்க. இதான் ஜாஸ்தி வெலையா?”

“ஆமாண்ணா,” என்றேன். பதினெட்டு வருஷத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

“அப்ப ஞாயித்துக்கெழம அதையே எடுத்துட்டு வாங்க. தங்கச்சி வீட்டு ஃபங்ஷன்ல போயி கஞ்சத்தனம் பண்ணாதீங்க.”

ஆகவே தம்பி தங்கைகளே, லென்ஸ் வாங்குங்கள், அப்பர்ச்சரையும் திறங்கள். ஆனால் கல்யாண வீட்டில் பேக்கிரவுண்ட் என்று ஒன்று கிடையாது. அங்கே பின்னால் நிற்கிற ஒவ்வொருவரும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட ஆள். சிலரைக் கூப்பிட ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் அண்ணன் எல்லோருக்கும் முன்னதாகவே வந்துவிட்டார். நேராக என்னிடம் வந்து, கேமராவில் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார். அப்புறம்தான் தங்கை பக்கத்தில் போய் நின்றார்.